கையைக் காட்டு

மகள் மாரிசெல்விக்குக் கல்லூரிப் பக்கம் ஓர் அறை தேடி, அவளையும் கூட்டிக்கொண்டு கால் கடுக்க நான்கு வீடு ஏறி இறங்கிவிட்டாள் சீனியம்மாள். பட்டாசுக் கம்பெனி மருந்து ஏறி வெள்ளியாய் மினுங்கிய அவள் கையைப் பார்த்ததுமே, "பட்டாசுத் திரிய வீட்டுல வச்சே சுத்துவீக, ஆகாது" என்று எல்லாரும் கதவைச் சாத்தினார்கள்.

ஐந்தாவது வீட்டில் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

வீட்டுக்காரம்மா மகளைத்தான் பார்த்தாள். "கையக் காட்டு, தாயி."

மாரிசெல்வி நீட்டினாள். பொட்டுக் கறை இல்லை.

சீனியம்மாளுக்கு உயிர் வந்தது. "இவள கம்பெனிப் பக்கமே விட்டதில்லக்கா."

"அப்ப ஆகாது. இங்கன தங்குற புள்ளைக காலேஜ் விட்டு வந்து எனக்குத் திரி சுத்தணும்."

சீனியம்மாள் மெதுவாக முந்தானையை விலக்கித் தன் கையை நீட்டினாள்.

"அவ படிக்கட்டும்க்கா. நான் வந்து சுத்துறேன்."