நானூறு சிவப்புக் கோடுகள்

ஜப்பானின் சென்டாய் நகரத்துப் பள்ளிக்கூட அரங்கில், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருக்கும் பலகைப் பாதையில் நானும் என்னோடு சீலிங் வேலை பார்க்கும் மூத்தவர் குமகாய் அண்ணனும் கடைசிச் சரிபார்ப்புக்காகக் குனிந்தபடி நகர்கிறோம். கான்கிரீட்டிலிருந்து இறங்கும் நானூறு கம்பிகள்தான் சீலிங்கைத் தாங்குகின்றன. ஒவ்வொரு கம்பியின் நட்டையும் இறுக முறுக்கிய பிறகுதான், அதற்கு அடையாளமாக அதன்மேல் சிவப்புக் கோடு போட வேண்டும். எல்லாவற்றிலும் கோடு இருக்கிறது, அண்ணன் போட்டது. டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு கம்பியாக விரல் நீட்டி, "சரி" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே போகிறார். கோட்டை மட்டும் பார்த்துப் போக எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நட்டைத் தொடுகிறேன். விரலோடு சுழல்கிறது.

"அண்ணே, இது முறுக்கவே இல்லையே."

"ஒண்ணு விட்டுப்போயிருக்கும்."

"அப்ப கோடு எப்படி வந்துச்சு?"

அவர் டார்ச்சைத் தாழ்த்துகிறார். "கோட்டை மொத்தமா முதல்லயே போட்டுட்டேன்மா. வேலை சுருக்கா முடியுமேன்னு."

கீழே, நாளைய வழியனுப்பு விழாவுக்கு நாற்காலிகளை இழுத்துப் போடும் ஓசை சட்டென்று நிற்கிறது. முதலில் தூசி உதிர்கிறது. பிறகு நானூறு கம்பிகளும் மெல்லக் கிணுகிணுக்கின்றன. நிலம் ஆடுகிறது; சீலிங் முழுவதும் ஒரு விரற்கடை அப்படியும் இப்படியும் போய் வருகிறது. அண்ணன் அந்த நட்டை இறுகப் பிடித்திருக்கிறார், அதை விட்டால் எல்லாம் போய்விடும் என்பதுபோல. நான் எண்ணுகிறேன். ஒன்பதில் அடங்குகிறது. கீழே யாரோ சிரிக்கிறார்கள். மறுபடியும் நாற்காலிகள்.

"கீழ போய் எல்லாரையும் வெளிய அனுப்பும்மா" என்கிறார். பையிலிருந்து பெயிண்டைக் கரைக்கும் தின்னரும் துணியும் எடுத்து, முதல் கம்பிவரை தவழ்ந்து போய்க் கோட்டை அழிக்கிறார். அடுத்ததையும் அழிக்கிறார், நட்டு இறுகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்காமலேயே.