அடுத்த வார்த்தை

துணி அலசக் குனிந்த மாமனாரின் சட்டைப்பையிலிருந்து போன் நழுவி, வாளியில் முங்கியது. ஒரே மாதத்தில் இது அவருடைய மூன்றாவது கைங்கரியம். குக்கரும் இஸ்திரிப்பெட்டியும் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தன.

மருமகள் போனை எடுத்து உதறி, அரிசி டப்பாவில் புதைத்தாள். இந்தத் தடவை தன்னை வீட்டை விட்டு அனுப்பிவிடுவாள் என்று அவர் நினைத்தார். போகச் சொல்வதற்குள் தானே கிளம்பிவிட்டால் மானமாவது மிஞ்சும்.

"உன் போனைக் கொஞ்சம் தாம்மா. அக்கா மகனை ஒரு ரூம் பார்க்கச் சொல்லணும்."

அவள் முகம் சுண்டியது. போனை நீட்டினாள்.

அக்கா மகனுக்கு அவர் முதலில் 'மாமா' என்று எழுதினார். போன் தானாக 'இங்கேயே' என்ற வார்த்தையைக் காட்டியது. தொட்டார். அடுத்து 'இருக்கட்டும்' என்று காட்டியது.

"என்னம்மா இது, உன் போன் ஜோசியம் சொல்லுது?"

"ஜோசியம் இல்லை மாமா, கணிப்பு. இனிமே நடக்கப்போறது அதுக்குத் தெரியாது. நான் அடிக்கடி எழுதினதை வச்சு அடுத்த வார்த்தையைச் சொல்லும்."

"இதை யாருக்கு அடிக்கடி எழுதினே?"

"உங்க மூத்த மருமகளுக்குத்தான். வாரம் தவறாம உங்களை அனுப்பச் சொல்லிக் கேட்கிறாங்களே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நேராச் சொல்லும்மா. நான் போகணுமா, இருக்கணுமா?"

"இருக்கணும் மாமா. வாளிப் பக்கம் மட்டும் போக வேண்டாம்."