இடது காது

ஒன்பது மணி பத்து நிமிடம். செம்பட்டி பஸ் பத்தே காலுக்கு.

லிடியா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

கதவுக்கு வெளியே 'தொழில்வழி சிகிச்சை' என்று பலகை தொங்கியது. குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இப்படி ஓர் அறை எதற்கு என்று திண்டுக்கல்லில் பலருக்கும் தெரியாது. போன மாதம் ஒருவர் பலகையைப் படித்துவிட்டு, மகனுக்கு வேலை கேட்டு மார்க் ஷீட்டோடு வந்தார்.

செல்லக்கிளி சுவரில் முதுகை ஒட்டி நின்றாள்.

சில வருடம் முன்பு கஞ்சிப்பானை கவிழ்ந்து வெந்த பிள்ளை. புண் ஆறும்போது வலது கை விலாவோடு ஒட்டிப்போயிருந்தது. டிசம்பரில் அக்குளை அறுத்துப் பிரித்து, தொடைத் தோலை எடுத்து வைத்துத் தைத்தார்கள்.

கையைப் பிரித்தது டாக்டர். அதைத் தூக்க வைப்பது லிடியாவின் வேலை.

கை எவ்வளவு உயர்ந்தது என்று கதவு நிலையில் சாக்பீஸ் கோடுகள் இருந்தன. ஜனவரியில் இடுப்பு. பிப்ரவரியில் தோள். மார்ச்சில் கோடு இல்லை. அந்த மாதம் அம்மா பேச்சாயி, உதவி என்று நினைத்து, வீட்டில் கையைப் பிடித்து மேலே தள்ளினாள். தோல் கிழிந்தது. மூன்று வாரம் வீணாயிற்று.

அதிலிருந்து பேச்சாயி ஸ்டூலில்தான் உட்கார வேண்டும். இரண்டு கைகளும் தொடைக்கு அடியில் இருக்க வேண்டும்.

இன்று பள்ளிக்கூடம் திறக்கிற நாள். பத்தே கால் பஸ்ஸில் ஊருக்குப் போய் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும்.

செல்லக்கிளி வீட்டில் பிறந்தவள். சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாத பிள்ளைகளுக்கு ஊர் ஹெட்மாஸ்டர் வைத்திருப்பது ஒரே பரீட்சை. வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது முடிந்துவிட்டது. தொடாவிட்டால் முடியவில்லை.

"ஒவ்வொரு ஜூனுக்கும் கூட்டிட்டுப் போறேன். காது எட்டலை, வயசு பத்தாது, அடுத்த வருசம் பாப்போம்னு அனுப்பிருறாரு. எடது கையால தொடுறாளே சார்னேன். பீச்சாங்கை கணக்குல வராதுன்னுட்டாரு" என்று பேச்சாயி முதல் நாளே சொல்லியிருந்தாள்.

லிடியா ஆஸ்பத்திரி லெட்டர்பேடில் கையைப் பற்றி விவரமாக எழுதிக் கொடுத்தாள். அவர் படித்தாராம். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாராம். காதைத் தொடட்டும் என்றாராம்.

சரி. தொடட்டும்.

பேச்சாயி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். விடியலில் தோட்டத்தில் எடுத்த மல்லிகை மொட்டு ஒன்று, காம்போடு. லிடியா அதை வாங்கிச் செல்லக்கிளியின் இடது காதுக்கு மேல் செருகினாள்.

காதைத் தொடு என்றால் கை பயந்தது. பூ எடு என்றால் போகும். பூ எடுப்பது அவளுக்குப் பழகிய வேலை.

"தலையச் சாய்க்கக் கூடாது. அவரு பாப்பாரு" என்றாள் லிடியா.

கை நெற்றிவரை எளிதாக வந்தது. பிறகு மெதுவாக வகிடு. அங்கே நின்றது.

அக்குளில் தழும்பு இழுபட்டு வெளுத்தது.

இன்னும் நாலு விரல் தூரம்.

ஸ்டூல் கிறீச்சிட்டது. "செத்த தள்ளி விட்டா எட்டிரும் டீச்சர்."

"பேச்சாயிக்கா, கை எங்க இருக்கு?" லிடியா திரும்பவில்லை.

"அடியிலதேன் இருக்கு. மரத்தே போச்சு."

ஒன்பது இருபத்தைந்து. கை இறங்கிவிட்டது. செல்லக்கிளி அழவில்லை. இடது கையால் மூக்கைத் துடைத்தாள். யாரும் சொல்லாமலே மறுபடி தூக்கினாள்.

லிடியா தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள். ஒரே ஒரு விரலால் அந்த முழங்கையைத் தாங்கினால் போதும், எட்டிவிடும்.

பள்ளிக்கூடத்தில் அந்த விரல் இருக்காது.

ஒன்பது நாற்பது. கை வகிட்டைத் தாண்டியது. மடித்துக் கட்டிய பின்னலின் ரிப்பன் தடுத்தது. விரல்கள் அதன்மேல் நண்டு மாதிரி ஏறி, அந்தப் பக்கம் இறங்கின.

மொட்டு ஆடியது.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து காம்பைக் கிள்ளின.

"ஆத்தாடி" என்று பேச்சாயி எழுந்தாள். கைகளை உதறிக்கொண்டாள். உடனே பையை எடுத்தாள்.

"உக்காருங்க" என்றாள் லிடியா. "ஒரு தடவை போதாது. மறுபடி தொடச் சொல்வாரு."

இரண்டாவது தடவை பூ இல்லாமல். மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு. நான்காவது தடவை, லிடியா பத்து எண்ணும்வரை காதை விடவில்லை.

ஒன்பது ஐம்பத்தைந்து.

லிடியா கதவு நிலையில் கோடு போடவில்லை. இனி அது வேண்டாம். மேசையில் இருந்த ஃபைலைத் திறந்து தேதி எழுதினாள். 3.6.1996. 'வலது கை இடது காதைத் தொடுகிறது. உதவி இல்லாமல்.'

பக்கத்தின் தலைப்பில், முதல் நாள் பேச்சாயி சொல்லச் சொல்ல அவள் எழுதிய வரி இருந்தது.

செல்லக்கிளி. பெண். வயது ஒன்பது.

செல்லக்கிளி கையை இறக்கவில்லை. காதைப் பிடித்தபடியே மேசைக்கு அருகில் வந்து நின்றாள்.

"டீச்சர், இப்ப எனக்கு அஞ்சு வயசு ஆயிருச்சா?"