உப்பு வடியும் ஹோஸ்

2005 ஆவணியில் நாகப்பட்டினத்திலிருந்து பழைய ஃபைபர் படகொன்றை வாங்கிவந்த ஆரோக்கியம்மாள், அதை வைகை அணைக் கரையில் மரக்கட்டைகளின்மேல் ஏற்றிவைத்தாள். படகுக்குள் சேரும் நீரை வெளியேற்றும் ஹோஸைத் தன் கையாலேயே புதிதாக மாட்டினாள். இரு முனைகளிலும் கிளாம்பை முடுக்கி, இடைவெளி இல்லாமல் சிலிக்கான் பசை பூசினாள்.

மறுநாள் காலையில் ஹோஸ் வழியே நீர் வடிந்துகொண்டிருந்தது. மழை பெய்யவில்லை. படகின் உட்புறம் தூசியோடு காய்ந்து கிடந்தது. நீரை விரலால் தொட்டு நாவில் வைத்தாள், உப்புக் கரித்தது.

கழற்றி மீண்டும் மாட்டினாள். அப்படியும் மூன்று நாள் வடிந்தது. நான்காம் நாள் காலைக்குள் படகு அணையில் இறங்காவிட்டால், இறந்த கணவரின் மீன்பிடி உரிமை கொழுந்தன் இமானுவேலுக்குப் போய்விடும். அன்று விடிந்ததும் அவன் வந்து பார்த்துச் சிரித்தான்.

“மதினி, கடலையே வெலைக்கு வாங்கியாந்துட்டீகளா? பேசாம வித்துப்புடுங்க. இது நம்ம தண்ணிக்கு ஆகாது.”

“தண்ணிய வெளியேத்தத்தான் ஹோசு மாட்டுனேன். அது வெளியேத்துது. ஒனக்கு எங்கன எரியுது? ஏலே, பல்லக் காட்டாம வந்து தள்ளு.”

எப்படியும் மூழ்கிவிடும் என்ற நினைப்பில் தள்ளினான். நடு அணைவரை அவள் தனியே துடுப்பு வலித்தாள். காற்றே இல்லை, மலைகள் நீரில் கலையாமல் தெரிந்தன. படகு மட்டும் மெல்ல உயர்ந்தது, தாழ்ந்தது, பிறகு முன்னிலும் உயரமாக எழுந்தது. கரையில் இமானுவேல் சிலுவை போட்டுக்கொண்டான்.

ஆரோக்கியம்மாள் எழுந்து, கால்களை அகட்டி ஊன்றி, வலையை வீசினாள்.