கர்னலின் கோபம்

நூற்றெண்பது வருடப் பழமையான அந்த லண்டன் நாளிதழை இப்போது மந்திரிகள் மட்டுமே படித்தார்கள், மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள. மக்கள் படிப்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. வாசகர் கடிதங்கள் பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் எழுதப்பட்டன.

அங்கே வேலை பார்த்த மெர்சிலின் எழுதியது கர்னல் ஹார்க்ரீவ்ஸ் என்ற பெயரில். இல்லாத கர்னலுக்குத் தொண்ணூற்றொரு வயது. எதுவுமே பிடிக்காது என்பதால் எழுதுவது சுலபம். வெளிநாட்டு நர்ஸுகள் ஆஸ்பத்திரியில் தங்கள் பாஷையில் பேசிச் சிரிக்கிறார்கள் என்று போன மாதம் அவர் கொதித்தார். இது நாட்டின் குரல் என்றார் மந்திரி.

இங்கிலாந்தில், லீட்ஸில் நர்ஸாக இருக்கும் அவள் தம்பி பிரின்ஸ் போனில் கூப்பிட்டான்.

"எங்க எல்லாரையும் ஊருக்குப் போகச் சொல்லிட்டானுவக்கா. பிள்ள இப்பதான் பள்ளிக்கூடத்துல சேந்தா. எவனோ ஒரு கெழட்டுப்பய பேப்பர்ல எளுதிட்டானாம்."

"பேப்பரெல்லாம் இன்னும் எவம்ல படிக்கான்?" என்றாள்.

பிரின்ஸ் குடும்பத்தோடு வந்து இறங்கிய வாரம், ஆபீசுக்கு லண்டனிலிருந்து குறிப்பு வந்தது. ஆஸ்பத்திரிகளில் ஆளில்லை, கர்னல் கோபப்பட வேண்டும்.

மெர்சிலின் எழுதினாள்: 'ஐயா, நான் மணியடித்து நாலு மணி நேரமாகிறது. ஒரு நர்ஸைக் காணோம். எங்கே போய்த் தொலைந்தார்கள்?'

ஒரு சொல் திருத்தாமல் வெளியிட்டார்கள்.