முக்கால்வாசி நிலம்

மண்வெட்டி மூன்றாவது தடவையும் கல்லில் பட்டுத் தெறித்தது.

எமில்டா நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள். பத்து நிமிடத்துக்கு முன் வெயில் சுடுகிறது என்று ஜக்கெற்றைக் கழற்றி வேலியில் போட்டவள். இப்போது ஆலங்கட்டி விழுகிறது.

ஏப்ரலில் லண்டன் வானம் கலியாணம் பேச வந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரி. காலையில் ஒன்று சொல்லும், பத்து மணிக்கு அப்படிச் சொல்லவேயில்லை என்று நிற்கும்.

நனைந்துகொண்டே கொத்தினாள். கவுன்சிலில் இருந்து பதினொரு மணிக்குப் பார்க்க வருகிறார்கள். அதற்குள் முக்கால்வாசி நிலமாவது கொத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் யாக்கோப்பு அண்ணையின் தோட்டம், இடம் கேட்டுக் காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

யாக்கோப்பு அண்ணை அவளுடைய பிளாட்டுக்கு எதிர்க்கதவு. மனைவி மேரிறோஸ் செத்த பிறகு அவருக்கென்று மிஞ்சியது, ஃபாரஸ்ட் கேட் பகுதியில் கவுன்சில் வாடகைக்குக் கொடுத்த இந்தத் துண்டு நிலம்தான். பெப்ரவரியில் படியில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார்.

"வாற கிழமை வந்திடுவன், பிள்ளை" என்று பத்துக் கிழமையாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து சொல்கிறார். கவுன்சிலுக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீம்பு பிடித்த மனிதர்.

அவருடைய தபால்களை எடுத்துப் பிரித்துப் பார்ப்பது எமில்டாதான். நிலம் கொத்தாமல் கிடக்கிறது, கடைசி எச்சரிக்கை என்று கவுன்சிலில் இருந்து வந்த கடிதத்தையும் அவள் மட்டும்தான் பார்த்தாள். இரண்டு நாள் அதை ரைஸ் குக்கருக்குக் கீழே வைத்திருந்தாள். அவருக்கும் சொல்லவில்லை, வேறு ஒருவருக்கும் சொல்லவில்லை. தோட்டம் எப்படி என்று அவர் கேட்டபோது, நல்லா இருக்கு என்றாள்.

மூன்றாம் நாள் விடிய எழும்பி, வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, ஒரு மண்வெட்டி வாங்கிக்கொண்டு இங்கே வந்தாள்.

இன்றோடு நாலு நாள். முட்கொடி இரண்டு கையையும் கிழித்துவிட்டது. முதுகு தன்னுடையதா என்றே தெரியவில்லை.

வேலியோரம் வந்தபோது கை தானாக நின்றது. நல்ல வெயில் விழும் இடம். இதில் பயிற்றங்கொடி ஏற்றலாம். அந்த மூலையில் மிளகாய். இரவில் உறைபனி விழுவது நின்ற பிறகு நடுவில் நாலு பாத்தி கத்தரி.

மடைச்சி என்று தன்னையே திட்டினாள். யாக்கோப்பு அண்ணை வேலியோரம் லீக்ஸ்தான் போடுவார். வருஷா வருஷம் அதே லீக்ஸ். மனிதருக்கு வேறு ஒன்றும் தெரியாது.

லீக்ஸுக்கு ஏற்றபடியே சால் இழுத்தாள். வயிறு எரியத்தான் செய்தது. ஆனாலும் கோணாமல் இழுத்தாள்.

பதினொரு மணிக்கு வெயில் ஒன்றும் நடக்காதது போல் திரும்பி வந்தது. கூடவே கவுன்சில் அட்டையைக் கழுத்தில் மாட்டிய ஒரு தமிழ்ப் பிள்ளையும் வந்தாள். ஜதுர்ஷிகா என்று அட்டையில் இருந்தது. நிலத்தின் நாலு பக்கமும் நடந்து, சப்பாத்து நுனியால் மண்ணைக் கிளறிப் பார்த்து, கையிலிருந்த ரப்லெற் கணினியில் படம் எடுத்தாள். எமில்டா பின்னாலேயே நடந்தாள்.

"ஓகே அன்ரி, பாஸ். அங்கிளின்ர இடம் அங்கிளுக்குத்தான்."

எமில்டா சிலுவை போட்டுக்கொண்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

அந்தப் பிள்ளை உடனே போகவில்லை. இன்னொரு சின்ன வேலை பாக்கியிருந்தது. காத்திருப்போர் பட்டியலில் முதலாவதாக நிற்கும் ஆளுக்கு, இந்த வருஷமும் இடம் கிடைக்கவில்லை என்று அறிவிக்க வேண்டும். ரப்லெற்றில் ஒரு தட்டுத் தட்டினாள்.

எமில்டாவின் காற்சட்டைப் பைக்குள் போன் சிணுங்கியது.

அவள் அதை எடுத்துப் பார்க்கவில்லை. ஆறு வருஷமாக அதே மெசேஜ்தான்.