எல்லாம் பச்சை

திரை பதில் சொல்லவில்லை.

செல்வி மறுபடி கட்டளையைத் தட்டினாள். இந்த முறை பதில் வந்தது. டேட்டாபேஸ் நின்றுவிட்டது.

எங்கே பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நேராக அங்கே போனாள்.

ஹெட்செட்டில் ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் பழைய மெயின்ஃப்ரேம் கணினி அது. எந்த ஊர் ஆஸ்பத்திரியில் யாருக்கு ஆபரேஷன் என்றாலும் அனுமதி அதிலிருந்துதான் போக வேண்டும். காலையிலிருந்து ஒன்றுகூடப் போகவில்லை.

“மதுரையில ஒரு பேஷண்ட்டை ஆபரேஷன் தியேட்டர் வாசல்லயே படுக்க வச்சிருக்காங்களாம் மேடம்,” என்றாள் உதவி மையத்துப் பெண். “என்ன சொல்லட்டும்?”

“பார்த்துட்டிருக்கோம்னு சொல்லுங்க.”

தகவல் சேரும் இடம் நிரம்பியிருந்தது. எழுத இடமில்லாமல் ஒரு பதிவு பாதியில் முறிந்து, அருகிலிருந்தவற்றையும் கெடுத்து வைத்திருந்தது.

இதை முன்கூட்டிச் சொல்லத்தான் ஹெல்த் செக் என்ற புரோகிராம். தினமும் காலையில் அது டேட்டாபேஸைத் தட்டிப் பார்க்கும். எது நிரம்புகிறது, எது சிதறிக் கிடக்கிறது, எதற்குப் பேக்கப் பிரதி இல்லை. கோளாறு இருந்தால் சிவப்பில் காட்டும்.

இன்று காலையும் தட்டிப் பார்த்தது.

எல்லாம் பச்சை.

பச்சையாக்கியவள் அவள்தான்.

அவளுக்கு முன்பு இந்த நாற்காலியில் அருள்தாஸ் இருந்தான். வாரம் தவறாமல் மேனேஜர் சிவசைலத்தின் முன்னால் போய் நிற்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிஸ்டத்தை நிறுத்த அனுமதி வாங்கிக் கொடுங்கள், இடத்தைப் பெரிதாக்கிவிடுகிறேன் என்பான். நிறுத்த வேண்டுமென்றால் வாடிக்கையாளரான அந்தக் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்க வேண்டும். கேட்டால் இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்பார்கள்.

சிவசைலம் வேறு வழி சொன்னார். எந்த அளவுக்கு மேல் போனால் சிவப்பு விழுமோ, அந்த எல்லையை உயர்த்திவிடு.

அருள்தாஸ் மாட்டேன் என்றான்.

அடுத்த மதிப்பீட்டில், குழுவோடு ஒத்துப்போகாதவன் என்று எழுதினார்கள். அதற்குப் பிறகு நாற்காலி காலியானது.

அவள் அப்போது ப்ராஜெக்ட் எதுவும் இல்லாமல் மாதக்கணக்கில் கேன்டீனில் உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டார்கள். வந்தாள்.

பொறுப்பை ஒப்படைத்த அன்று அருள்தாஸ் ஒன்றுதான் கேட்டுக்கொண்டான்.

“அந்த எல்லையை மட்டும் ஏத்திடாதீங்க செல்வி.”

ஏற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இப்போது அவள் கை வேகமாக ஓடியது. முதலில் பெரிய இடம் ஒதுக்கினாள். பதிவுகளைத் தேடித் தரும் இண்டெக்ஸைப் புதிதாகக் கட்டப் பார்த்தாள். பாதியில் நின்றது. உள்ளே இருப்பதே உடைந்திருந்தது. இனிப் பழைய பேக்கப்பைக் கொண்டுவந்து வைப்பது ஒன்றுதான் வழி.

நேற்றைய பேக்கப் இல்லை. அதற்கு முந்தையதும் இல்லை. தினமும் எடுக்கப்போய், தினமும் தோற்றிருந்தது. ஹெல்த் செக்கில் அதைச் சொல்லும் வரியின் வாயையும் சேர்த்து அவள் அன்றே அடைத்திருந்தாள்.

பின்னால் போனாள். இன்னும் பின்னால்.

ஒன்று கிடைத்தது. முழுசாக, பழுதில்லாமல். எடுத்தவரின் பெயர் அருள்தாஸ். வேலையை விட்டுப் போன அன்று, யாரும் கேட்காமல், எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

அந்தப் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மதுரையில் ஒருவர் வாசலில் படுத்திருந்தார்.

பேக்கப்பை ஏற்றினாள். அன்றிலிருந்து இன்று காலைவரை நடந்த ஒவ்வொரு மாற்றத்தையும், அவற்றைப் பதிந்துவைக்கும் லாகிலிருந்து எடுத்து அதன்மேல் ஓடவிட்டாள். இண்டெக்ஸைக் கட்டினாள். இந்த முறை நிற்கவில்லை. வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் புதிதாக ஒரு பேக்கப் எடுத்தாள்.

பிற்பகலில் அனுமதிகள் போகத் தொடங்கின.

“மதுரை பேஷண்ட்டை உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க மேடம்,” என்றாள் உதவி மையத்துப் பெண். யாரோ கை தட்டினார்கள். ஹெட்செட்டில் அது மழை இரைச்சல்போலக் கேட்டது.

சிவசைலம் தன் கையாலேயே காபி கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தார்.

“நீங்க இல்லன்னா இன்னைக்கு நம்ம கதை முடிஞ்சிருக்கும் செல்வி.”

 பிறகு குரலைத் தணித்தார்.

“காரணம் என்னன்னு இன்ஷூரன்ஸ்காரங்க எழுதிக் கேக்கறாங்க. முன்னாடி இருந்தவர் கவனிக்காம விட்டுட்டார்னு போட்டுடுங்க. அவர்தான் இங்க இல்லியே. அவருக்கு இதால என்ன ஆகப்போகுது.”

அவள் எழுதினாள். பெயர் போடவில்லை. ‘முந்தைய பொறுப்பாளர்’ என்று மட்டும் போட்டாள். ‘கவனக்குறைவு’ என்பதை அடித்துவிட்டு ‘போதிய கவனம் இல்லாமை’ என்று மாற்றினாள்.

அனுப்பினாள்.

செல்போன் அதிர்ந்தது. தெரியாத எண். வேறொரு கம்பெனியின் பெயரைச் சொன்னாள் ஒரு பெண்.

“மிஸ்டர் அருள்தாஸ் இங்க வேலைக்கு அப்ளை பண்ணியிருக்கார் மேடம். கூட வேலை பார்த்தவங்கன்னு உங்க ஒருத்தர் பேரைத்தான் குடுத்திருக்கார். ரெண்டு நிமிஷம் பேசலாமா?”

“சொல்லுங்க.”

“வேலையில ஆள் எப்படி?”

சிவசைலம் இன்னும் போகவில்லை. தடுப்பில் சாய்ந்தபடி அவள் அனுப்பியதைத் தன் போனில் படித்துக்கொண்டிருந்தார். தலையை ஆட்டினார். திருப்தியாக.

“நல்ல மனுஷன்தான்,” என்றாள் அவள்.

வேலையைப் பற்றியும் சொல்வாள் என்று அந்தப் பெண் காத்திருந்தாள்.

செல்வி காபியை எடுத்துக் குடித்தாள்.

அந்தப் பக்கம் எதையோ தட்டச்சு செய்யும் ஓசை கேட்டது.

“புரியுது மேடம்.”